பொதிகையின் அடியில்

கயிலையில் இறைவன் திருமணம் நடந்தபோது வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்தது என்றும், உலகைச் சமன்செய்ய அகத்தியர் பொதிகைக்கு வந்தார் என்றும் நம் பாட்டிமார் கதை சொல்வர். தாமிரபரணிக் கரையில் பிறந்த நான் அக்கதையைக் கேட்டே வளர்ந்தவன். அந்த மலையின் அடியில் என்னதான் இருக்கிறது என்ற ஐயம் அப்போதே எனக்கு எழுந்ததுண்டு. விடை தேடும் பாதையின் தொடக்கம் ஒன்று அதே மலையுச்சியில் இருந்தது என்பதைப் பிற்காலத்தில்தான் படித்தறிந்தேன்.

1852இல் திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாராய்ச்சி நிலையத்துக்குத் தலைவராக ஜான் ஆலன் புரூன் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் வந்தார். காந்த ஊசி நாள்தோறும் சிறிது அசைகிறதே, உயரத்துக்கு ஏற்ப அவ்வசைவு மாறுமா என்று அறிய விரும்பினார். 1855இல் அகத்தியமலையின் சிகரத்தில், ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில், ஒரு கூடம் அமைத்தார். யானைக் காட்டின் வழியே கருவிகளை மேலே சேர்த்துக் கீழே திருவனந்தபுரத்திலும் மேலே சிகரத்திலும் ஊசியின் போக்கைக் குறித்து வந்தனர். அந்தக் கணக்குகள் 1874இல் நூலாக வெளிவந்தன. இன்று அம்மலையேறும் அடியவர்களுள் எத்தனை பேர் இதை அறிவர்?

ஊசியின் அசைவுக்கும் பூமியின் உள்ளுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்பதை 1831இல் பாரடே காட்டியதைப் படித்திருப்பீர்கள். வானத்தின் உயரே ஓடும் மின்னோட்டங்கள் பூமிக்குள்ளும் அவ்வாறே மின்னோட்டத்தைத் தூண்டுகின்றன. ஊசியின் தினசரி அசைவில் பெரும்பகுதி வானிலிருந்தும், ஒரு பகுதி பூமிக்குள்ளிருந்தும் வருகிறது என்று 1889இல் ஆர்தர் சூஸ்டர் பிரித்துக் காட்டினார். 1950இல் ரஷ்யாவில் டிக்கனோவும், 1953இல் பிரான்சில் காக்னியாரும், ஓரிடத்தின் மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் ஒருங்கே அளந்தால் ஆழத்தை ஊடுருவலாம் என்று நிறுவினர். மண்ணில் மின்முனைகளைப் புதைத்து, காந்த உணர்கருவியைப் பக்கத்தில் வைத்து, நாட்கணக்கில் காத்திருப்பதே வேலை. வெடி வேண்டாம், துளை வேண்டாம்.

விரைவான மாறுதல்கள் மேற்பரப்போடு நின்றுவிடும். மெதுவானவை ஆழச் செல்லும். 100 ஓம் மீட்டர் மின்தடையுள்ள பாறையில் ஒரு விநாடி அலைவு ஏறத்தாழ 5 கிலோமீட்டரும், 100 விநாடி அலைவு 50 கிலோமீட்டரும், 10,000 விநாடி அலைவு 500 கிலோமீட்டரும் இறங்கும். தென்னிந்தியாவின் மேலோடு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தடிப்புடையது. ஆகவே அதன் கீழுள்ள மூடகத்தையே நாம் இவ்வழியில் தொடுகிறோம்.

அங்கே காணவேண்டியது என்ன? வடக்கேயுள்ள தார்வார் நிலப்பகுதி 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பே உறைந்து நிலைத்துவிட்டது. தெற்கே நம் பகுதியின் பாறைகளோ, கண்டங்கள் மோதி கோண்டுவானா ஒன்றுகூடிய காலத்தில், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் மீண்டும் கொதித்தெழுந்தவை. அன்று இலங்கையும் மடகாஸ்கரும் நமக்கு அண்டை வீடுகள். அச்சன்கோவிலிலிருந்து தென்காசிப் பக்கம் வரும் பாறை வடு அக்காலத்தது. அவ்வடு மேலோட்டோடு முடிகிறதா, மூடகத்தையும் பிளந்து செல்கிறதா என்பதே கேள்வி. குளிர்ந்து உலர்ந்த பாறை மின்சாரத்தை எளிதில் கடத்தாது. நீர், உருகிய பாறை, காரீயம் எனப்படும் கிராபைட்டு ஆகியவை கடத்தும். ஆனால் இவற்றுள் எது கடத்துகிறது என்று கருவி தானே சொல்லாது. வரைபடத்தில் சிவப்பைக் கண்டதும் உருகிய பாறை என்று முடிவு கட்டுவோரை நான் நம்புவதில்லை. ஐதராபாத்திலுள்ள தேசியப் புவிபௌதிக ஆராய்ச்சி நிறுவனத்தார் குப்பம் முதல் பழனி வரை இவ்வளவீட்டை நடத்தியுள்ளனர்.

நெல்லையில் தனித் தொல்லை ஒன்றுண்டு. காந்த நடுக்கோட்டை ஒட்டி, நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகலில் மின்னோட்டம் ஓர் ஒடுங்கிய ஆறாகப் பாய்கிறது. 1951இல் சாப்மன் அதற்கு எலக்ட்ரோஜெட் என்று பெயரிட்டார். வானத்து மூலம் பரந்து சீராக இருக்கிறது என்று கொண்டே காக்னியாரின் கணக்கு நடக்கிறது. இந்த ஆறு அதைக் குலைத்துவிடும். ஆகவே இரவுப் பதிவைத் தனியே பிரித்துக் கணிப்பது ஒரு வழி. அந்த ஆற்றையே ஆராய இந்தியப் புவிக்காந்த நிறுவனத்தின் கூடம் கிருஷ்ணாபுரத்தில் இருக்கிறது. சிற்பம் காணச் செல்லும் மாணவர்கள் அதையும் கேட்டறிந்து வரலாம்.

மற்றொரு தொல்லை கடல். உப்புநீர் நல்ல கடத்தி. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே தூண்டிய மின்னோட்டம் குவிகிறது என்று 1970களின் ஆய்வுகள் காட்டின. பாக் நீரிணையோ ஆழம் மிகக் குறைந்தது. அவ்வளவு மின்னோட்டத்தை அந்தச் சிறு நீர்ப்பரப்பு மட்டுமே தாங்குமா, அடியில் ஆழத்தில் வேறொரு கடத்தியும் கிடக்கிறதா என்று அறிஞர்கள் வாதிட்டனர். நீரின் பங்கைக் கணக்கிட்டுக் கழித்தபின் எஞ்சுவது எதுவோ, அதுவே பாறையின் பங்கு. அதைக் காண, கருவிகள் கரையின் இருபுறமும் இரவில் கண்விழித்துக் கிடக்கவேண்டும்.