பிடிவலிமைக் கருவிகள்: வரலாறும் தேர்வும்

வீட்டில் வைத்துப் பழகும் உடற்பயிற்சிக் கருவிகள் அண்மைக் காலத்து வணிகத்தால் தோன்றியவை என்பது பலர் கருத்து. அக்கருத்துப் பொருந்தாது. 1711-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இலண்டன் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில் எழுதிய ஜோசப் அடிசன், தம் அறையின் மூலையில் நிறுவிய ‘ஊமை மணி’யில் காலைதோறும் ஒரு மணி நேரம் பழகியதாகக் குறித்துள்ளார். கோயில் மணி அடிப்போர் இழுக்கும் கயிற்றமைப்புப் போன்றது அது. மணி மட்டும் அதில் இல்லை. ஓசையின்மையே அதன் சிறப்பென அவர் மகிழ்கிறார். மாடி வீடுகளில் வாழ்வார் இரும்புக் குண்டு வாங்குமுன் இன்று முதலிற் கருதுவதும் அதுவேயன்றோ? அக்கட்டுரையிலேயே, இரு முனையிலும் ஈயம் ஏற்றிய குறுந்தடிகளைக் கையிற்கொண்டு வீசும் பயிற்சியும் கூறப்படுகிறது. பின்னாளில் ‘டம்பெல்’ என்னும் பெயர் கயிற்றமைப்பை விட்டு நீங்கிக் கையிற் பிடிக்கும் எடைக்கு வழங்கலாயிற்று. பொருள் மறைந்தும் பெயர் நிலைபெற்றதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

தமிழிலக்கியத்தில் இதற்கு முற்பட்ட சான்று கிடைக்குமோ எனக் கேட்டல் இயல்பு. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனைப் பொருது வென்ற செய்தியொடு தொடர்புடைய சாத்தந்தையார் பாடல்கள் மூன்று புறநானூற்றில் உள்ளன (80–82). அவற்றுள் மற்போரின் பிடியும் விரைவும் பேசப்படுகின்றன; பயிற்சிக் கருவி ஒன்றும் பேசப்படவில்லை. ஆயினும், மூன்றாம் பாடலில் போரின் விரைவுக்கு உவமையாய் வந்தது கட்டில் பிணிக்கும் தொழிலாளியின் கையிலுள்ள ஊசி என்பது நினைக்கத்தக்கது. கையின் திறனைப் புலவர் தேடிக் கண்ட இடம் தொழிற்களமே. எனவே, இக்கருவிகளைச் சங்க காலத்துக்கு ஏற்றிக் கூறுதல் இப்பாடல்களைக் கொண்டு நிறுவத்தக்கதன்று.

நிற்க. தென்பாண்டி நாட்டு ஊர்களில் இளவட்டக்கல் என ஒன்று உண்டு. உருண்டு வழவழத்த அக்கல்லுக்குப் பிடி கிடையாது. மணவினைக்குரிய இளைஞனின் வலிமையை அதனைத் தூக்கச் செய்து அறிந்தனர் என்பர். பிடிப்பதற்கு இடங்கொடாமையே அதன் கடுமை. எடை மட்டுமன்றிப் பிடிக்கும் பொருளின் வடிவும் வலிமையைச் சோதிக்கும் என்னும் உண்மையை ஊரார் நன்கு அறிந்திருந்தனர். மேலைநாட்டில் தாமஸ் இஞ்சு என்பவரின் பெயரால் வழங்கும் டம்பெல் இதனையே காட்டும். 172 பவுண்டு என்பது வலியோர்க்குப் பேரெடை அன்று. ஆயின், அதன் கைப்பிடி ஏறத்தாழ 2.38 அங்குல விட்டமுடையது. விரல்கள் முற்றும் வளைந்து தழுவ இயலாமையால் பேரெடை தூக்குவாரும் அதன்முன் தோற்றனர்.

இனி, பிடிவலிமையை அளந்த வரலாற்றுக்கு வருவோம். இஃது இன்பமான வரலாறு அன்று. இயற்கை நூலறிஞர் பூஃபோன் முதலியோர் வேண்டுகோளால் எட்மே ரேனியே என்னும் பிரெஞ்சுக் கைவினைஞர் வலிமானி ஒன்றை அமைத்து, 1798-இல் அதனை விளக்கி வெளியிட்டார். ஏறத்தாழ ஓரடி நீளமுள்ள நீள்வட்ட எஃகு வில். அதனைக் கைகளால் நெருக்கினால் முள் நகர்ந்து அளவு காட்டும். முன்னிருந்த கருவிகள் பெரியனவாய்க் கொண்டுசெல்ல அரியனவாய் இருந்தன. இதுவோ பயணத்துக்கு ஏற்றது. அந்த எளிமையே வினையாயிற்று. 1800-இல் புறப்பட்ட போதான் தலைமையிலான கடற்பயணத்தில் பிரான்சுவா பெரோன் இதனை உடன்கொண்டு சென்று, தாசுமேனியா, ஆசுத்திரேலியா, தீமோர் ஆகிய இடங்களின் மக்களையும் ஐரோப்பியரையும் அளந்தார். நாகரிகம் குன்றியோர் வலிமையும் குன்றியோர் என 1807-இல் வெளிவந்த நூலில் முடிவு கட்டினார்.

இம்முடிவின் குறைகள் வெளிப்படை. அளக்கப்பட்ட தாசுமேனியர் மிகச் சிலர். முன்பின் அறியாத அயலார் நீட்டும் எஃகு வில்லை முழு விருப்பொடு நெருக்குவார் யார்? கருவியைக் கண்டு பழகிய மாலுமியின் கையையும், ஏனென்று அறியாது பற்றியவன் கையையும் ஒரே முள் அளந்தது. கையின் அளவுக்கேற்ப வில்லை மாற்றவும் வழியில்லை. 1954-இல் பெக்டால் விளக்கிய ஜாமர் வலிமானியோ, பிடியை ஐந்து நிலைகளில் வைக்கும் அமைப்புடையது.

வலிமானி பிறரை அளக்க உதவிய கருவி. தன்னைத்தானே பயிற்றும் கருவியை வீடுதோறும் புகுத்தியவருள் தலையாயவர் யூஜின் சாண்டோ (1867–1925). அவரது பிடிவில் டம்பெல் நீளவாக்கில் இரு பாதியாய்ப் பிளந்தது. இடையே எஃகுச் சுருள்கள். பாதிகள் பொருந்துமாறு இறுக்கிக்கொண்டே கையை இயக்க வேண்டும். வலிமை கூடக் கூடச் சுருள்களைச் சேர்க்கலாம். மனத்தை ஒருமுகப்படுத்தாத பயிற்சி பயனற்றது என்பது அவர் கொள்கை. இறுக்கத்தை விட்டவுடன் பாதிகள் விலகிக் கவனச் சிதைவைக் காட்டிக்கொடுக்கும். அமைப்பு நுட்பமானதே. ஆயின், மேற்கையும் தோளும் தளருமுன் முன்கை தளர்ந்துவிடும் என்பதே என் கருத்து. 1904–05-இல் அவர் இந்தியாவுக்கு வந்தார். அவர் பெயர் தமிழில் பட்டமாயிற்று. திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவர் (1915–1978) பெயரின் முன் அது நின்றது. கையில்லாத பனியனுக்கும் அப்பெயர் வழங்குகிறது. மனிதர் பெயர் உடைப்பெயரான இம்மாற்றம் நம் சொல்லாய்வாளர் கருதத்தக்கது.

இக்காலத்துக் கைச்சுருள்வில் வாங்குவார் இவ்வரலாற்றை ஓரளவு அறிதல் நலம். நெருக்குபிடி, கிள்ளுபிடி, தாங்குபிடி என மூன்று வெவ்வேறு ஆற்றல்கள் உள. சுருள்வில் முதலாவதையே வளர்க்கும். அதன்மேற் பொறித்த எண்ணும் ஐயத்துக்குரியது. கைப்பிடியின் நுனியிற் பற்றினால் குறைந்த விசை போதும். சுருளை ஒட்டிப் பற்றினால் மிகுவிசை வேண்டும். ஆதலின், அளக்கும் இடம் கூறாத எண்களை ஒப்பிடுதல் வீண். யானும் அவ்வாறு எண்ணை நம்பி வாங்கிய ஒன்று இன்று என் மேசையில் தாள்களுக்குப் பாரமாய் உளது.

விற்பனையாளர் எடுத்துக்காட்டும் ஆய்வொன்று 2015-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரை அளந்த அவ்வாய்வு, பிடிவலிமை 5 கிலோகிராம் குறையுந்தோறும் இறப்பு வாய்ப்பு 16 விழுக்காடு மிக்கதாய்க் கண்டது. பிடிவலிமை உடல்நிலையின் அறிகுறி என்பதே அதனாற் பெறப்படுவது. கையை மட்டும் இறுக்கினால் வாழ்நாள் நீளும் என அவ்வாய்வு நிறுவவில்லை. அறிகுறியைக் காரணமாகக் கொள்வது பெரோன் செய்த பிழைக்கு உறவான பிழை.

புதிதாகத் தொடங்குவார்க்கு மாற்றத்தக்க எடையுடைய டம்பெல் இணை ஒன்றே பெரும்பாலும் போதும். அதன் பிடியில் பருத்தித் துண்டொன்றைச் சுற்றினால் பருமன் கூடும். இஞ்சு டம்பெல்லின் கடுமையை ஓரளவு வீட்டிலேயே பெறலாம். துண்டு நழுவாதவாறு இறுகச் சுற்றுதல் வேண்டும். எடையும் முன்னையிற் பாதியாய் இருத்தல் நன்று.