பாபநாசம்: களஞ்சியமும் ரயிலும் நம்ம சனங்களும்

பாபநாசத்துக்குப் பெருமை சொல்கிறவர்கள் மூன்றைச் சொல்வார்கள். நூற்றெட்டு லிங்கம் இருக்கிற கோயில், பாபநாசம் சிவன் பாட்டு, திருப்பாலைத்துறை நெற்களஞ்சியம். முதல் இரண்டைப் பேச ஆளுண்டு. மூன்றாவதை நாம்தான் பேசணும். ஏன்னா அதுக்குள்ள கொட்டினது நம்ம சனங்க விளைய வைத்த நெல்லு.

பாலைவனநாதர் கோயிலில் நிற்கிறது அந்தக் களஞ்சியம். செங்கல் கட்டடம். 36 அடி உயரம், 86 அடி அகலம். 1600க்கும் 1634க்கும் இடையில் கட்டியது. ரகுநாத நாயக்கர் பேரையும் அவருடைய அமைச்சர் கோவிந்த தீட்சிதர் பேரையும் சேர்த்துச் சொல்வார்கள். 3000 கலம் நெல் கொள்ளுமாம். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்றால் 36,000 மரக்கால். இன்று அது அரசுத் தொல்லியல் துறை பாதுகாக்கிற சின்னம்.

பாதுகாக்கட்டும். ஆனா அத்தனை மரக்கால் நெல்லையும் நட்டது யாரு, அறுத்தது யாரு, களத்தில் அடித்தது யாரு? குடமுருட்டித் தண்ணி பாய்ந்த சேத்துல இறங்கினவர்கள் பள்ளரும் பறையரும்தான். நிலம் அவர்களுக்குச் சொந்தமில்லை, உடம்பும் சொந்தமில்லை. நிலத்தோடு சேர்த்து ஆளையும் விற்றார்கள், அடகு வைத்தார்கள். 1843ல் வெள்ளைக்காரன் சட்டம் போட்டு அடிமைமுறையை ஒழித்ததாகச் சொன்னான். அடிமை என்ற சொல் போனது. அந்த இடத்தில் கடன் வந்து உட்கார்ந்தது. அடிமை பண்ணையாளானான். சாணிப்பாலும் சவுக்கடியும் அப்படியே இருந்தன.

சட்டம் அவிழ்க்காத கட்டிலிருந்து தப்பிக்க ஒரு வழி ரயிலில் வந்தது. 1861ல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் ரயில் ஓடியது. 1870களின் கடைசியில் கும்பகோணம் வழியாகப் போட்ட பாதை பாபநாசத்தைத் தொட்டது. அது நமக்காகப் போட்ட பாதையில்லை. ஆனா தஞ்சாவூர் போய் வண்டி மாறினால் நாகப்பட்டினம். அங்கே கப்பலேறினால் பினாங்கு. எங்க அம்மாயியோட தாய்மாமன் அப்படிப் போனவர்தான். "கடன் கணக்குல பேரு இருந்திச்சு, விடிஞ்சு பாத்தா ஆளு இல்ல" என்று அம்மாயி சிரிக்கும். அப்புறம் பேசாமல் இருக்கும். அவர் திரும்பி வரவேயில்லை.

போன இடமும் சொர்க்கமில்லை. பண்ணைக் கணக்குப்பிள்ளைக்குப் பதில் கங்காணி, நெல் வயலுக்குப் பதில் ரப்பர் காடு. கூலிகளைச் சேர்த்து அனுப்புவதை 1938ல் இந்திய அரசு நிறுத்தியது. 1942-43ல் மலேயாத் தமிழர்களை ஆயிரமாயிரமாகச் சயாம்-பர்மா ரயில்பாதை போட ஜப்பானியர் இழுத்துக்கொண்டு போனார்கள். ரயிலேறித் தப்பித்தவர்களில் பலர் ரயில்பாதை போட்டே செத்தார்கள்.

போகாமல் இங்கேயே இருந்தவர்கள் சங்கம் கட்டினார்கள். 1940களில் செங்கொடி ஏறிய பிறகுதான் பண்ணையாள் நிமிர்ந்து நின்று கூலி கேட்டான். அந்தப் போராட்டம்தான் 1952ல் தஞ்சை சாகுபடியாளர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதற்கப்புறமும், 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். காரணம் அதே நெல்லு, அதே மரக்கால் கணக்கு.

இன்று பாபநாசம் தாலுகா தலைநகர். தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் ரயிலும் பஸ்ஸும் நின்று போகிற ஊர். ஊர் வளரட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனா ஊரின் பாரம்பரியம் என்று எழுதும்போது கட்டினவன் பேரோடு நிறுத்தாதே. நிரப்பினவனையும் எழுது.

நமக்கும் வேலை இருக்கிறது. படிக்கிற பிள்ளைகள் லீவுக்குச் சேரிக்குப் போனால் கிழவிகளிடம் உட்காருங்கள். எந்தப் பண்ணை, நாளுக்கு எத்தனை படி கூலி, யார் அடிச்சான், யார் கப்பலேறினாங்க என்று கேட்டு எழுதுங்கள். களஞ்சியத்தை அரசு காப்பாற்றும். எங்க அம்மாயி சொன்னதை நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.