முத்துப் பாரும் மென்பொருட் பரீட்சையும்

மன்னார்க் கடலிலே ஆங்கிலேயர் காலத்தில் முத்துச் சலாபம் கூடுவதற்கு முன்னர் ஒரு பரீட்சை நடைபெறும். முத்துப் பார்களுக்குப் பொறுப்பான அரசாங்க உத்தியோகத்தர் குளியாட்களுடன் கடலுட் சென்று, மாதிரிக்கெனச் சில ஆயிரம் சிப்பிகளை எடுப்பிப்பார். அவை அழுகவிடப்பட்டுக் கழுவப்படும். கிடைத்த முத்துக்களை அத்துறை வல்லார் தரம் பிரித்து விலை மதிப்பர். மதிப்புத் திருப்தியாயின், சலாபம் கூடும் செய்தி ஊரெங்கும் அறிவிக்கப்படும். 1905 ஆம் ஆண்டில் மரிச்சுக்கட்டியிற் கூடிய சலாபத்திலே 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. எடுத்ததில் மூன்றிலொரு பங்கு குளியாட்களுக்கு உரியதாயிற்று.

இம்முறையில் நேயர்கள் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. சோதனைக்கான செலவைச் சோதிப்பவரே ஏற்றனர். ஊதியமின்றி மாதிரிச் சிப்பி எடுத்துத் தந்தபின் சலாபத்திற்கு வரலாமா எனக் காத்திருக்கும்படி குளியாளிடம் எவரும் கூறவில்லை.

இக்காலத்தில் மென்பொருள் எழுதும் தொழிலுக்கு விண்ணப்பிப்போர் நிலை வேறு. முன்னர் நேர்முகப் பரீட்சையில், சுவர்ப்பலகை முன் நிறுத்திப் புதிர்க் கணக்குகளைக் கொடுப்பது வழக்கம். அதன் குறை விரைவிலே வெளிப்பட்டது. மக்ஸ் ஹவல் என்பார் 2009 இல் ஹோம்புறூ என்னும் மென்பொருளைத் தம் சொந்த விருப்பினால் ஆக்கி இலவசமாக வழங்கினார். அப்பிள் கணினியிற் பிற மென்பொருள்களை எளிதாக நிறுவ உதவும் அது, உலகெங்கும் வல்லுநர்களின் கைக்கருவியாயிற்று. ஆயினும் 2015 இல் பெரு நிறுவனமொன்று, பலகைப் புதிரொன்றில் அவர் தவறினார் என்று வேலை மறுத்துவிட்டதாக அவரே பகிரங்கமாகக் கூறினார்.

பலகைப் புதிருக்கு மாற்றாகப் பரவியதே வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பணி. சிறு மென்பொருளொன்றைச் சில நாளில் எழுதி அனுப்புக என்பர். நான்கு மணி நேர வேலை எனச் சொல்லப்படுவது பல வேளைகளில் இரண்டு மூன்று இரவுகளை விழுங்கிவிடும். பெரும்பாலும் ஊதியம் இல்லை. சில வேளை மறுமொழியும் இல்லை. பணம் கொடுத்துப் பரீட்சிக்கும் நிறுவனங்களும் உள. அவை சிலவே.

ஏவுவார் இன்றி எழுதப்பட்டவற்றின் வரலாறு இதனின் வேறானது. தமிழ் எழுத்துக் கணினியில் ஏறியதே பெரிதும் அவ்வாறுதான். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். சுவிற்சலாந்தின் லோசான் நகரில் இரசாயன ஆய்வாளராயிருந்த கு. கல்யாணசுந்தரம், மயிலை என்னும் எழுத்துருவை ஆக்கி இலவசமாக வழங்கினார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. பழந்தமிழ் நூல்கள் தன்னார்வலர் கையால் தட்டச்சேறலாயின. இரசாயனம் படித்தவரை எழுத்துரு வரையும்படி எந்தப் பரீட்சையாளர் கேட்டிருப்பார்?

எனினும் ஓய்வுநேர ஆக்கத்தையே தகுதியின் அளவுகோலாக்குவதும் நீதியாகாது. பகலில் வேலை செய்து, இரவில் முதியோரையும் குழந்தைகளையும் பராமரிப்பவளுக்கு ஓய்வு எங்கே? கணினியும் தடையற்ற மின்சாரமும் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கும், பேசாலையில் விடியுமுன் தந்தையுடன் வலை இழுக்கும் பிள்ளைக்கும் பொழுது ஒன்றன்று. முன்னவனிடம் காட்டுதற்குப் பல ஆக்கங்கள் இருக்கும்; பின்னவனிடம் ஒன்றும் இராது. அதனால் பின்னவன் அறிவிற் குறைந்தவன் ஆகிவிடான்.

விண்ணப்பமும் பரீட்சையும் இன்றி இலங்கையிலேயே எழுந்த பேராக்கம் ஒன்றுண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை அடித்தபின், காணாமற்போனோர் யாவர், முகாம்கள் எங்கெங்கே, எவர் எதற்கு உதவுகின்றனர் என்பவற்றைப் பதியும் ஒழுங்கு இருக்கவில்லை. இந்நாட்டு மென்பொருள் வல்லுநர் தன்னார்வலராய்க் கூடிச் சில வாரங்களுள் அதற்கு வேண்டிய மென்பொருளை எழுதினர். நிவாரணம் எனப் பொருள்படும் சிங்களச் சொல்லால் அதற்குச் சகனா என்று பெயரிட்டனர். மறு ஆண்டு பாகிஸ்தானில் நிலம் நடுங்கியபோது, அதே மென்பொருள் அங்கும் பயன்படுத்தப்பட்டது.