அப்போதிக்கரி ஐயாமாரின் கொப்பிகள் எங்கே?



இன்று பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆதார வைத்தியசாலைக்கு ஓடுகிறோம், இல்லாவிட்டால் விசேட வைத்திய நிபுணரைச் சனல் பண்ணுகிறோம். நமது மூத்தவர்களுக்கு முதல் படி டிஸ்பென்சரிதான். வீட்டிலிருந்து கழுவிய போத்தல் கொண்டுபோக வேண்டும். மிக்சரை ஊற்றி, ஓரத்தில் வெட்டுப் போட்ட கடதாசித் துண்டை ஒட்டித் தருவார்கள். ஒரு வெட்டு ஒரு வேளை. எழுத்துத் தெரியாத உம்மம்மாமாருக்கும் அது விளங்கியது.

அங்கே மருந்து தந்த பலர் பட்டம் பெற்ற டொக்டர்கள் அல்லர். அப்போதிக்கரி என்றும் பிற்காலத்தில் ஏ.எம்.பி., ஆர்.எம்.பி. என்றும் அழைக்கப்பட்டவர்கள். மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1848 முதல் மேலைத்தேய வைத்தியம் கற்பித்தார். 1864இலிருந்து தமிழிலேயே கற்பித்தார். வன்னியில் பறங்கி நோயால் ஊர்கள் அழிவதை டொக்டர் ஜேம்ஸ் லூஸ் அறிக்கையிட்ட பிறகு, 1870இல் கொழும்பு மருத்துவப் பாடசாலை திறக்கப்பட்டது. ஆனால் படித்து வந்த டொக்டர்களில் பெரும்பாலோர் நகரங்களிலேயே நின்றார்கள். நாட்டுப்புறம் அப்போதிக்கரிமாரின் கையில் விடப்பட்டது.

நமது வாவிக்கரையில் அதன் பொருள் என்னவென்று யோசித்துப் பாருங்கள். மண்முனைத்துறைக்குப் பாலம் வந்ததே 2014இல்தான். அதுவரை 'பாதை'. (இளையவர்களுக்காக: பாதை என்றால் தெரு அல்ல, ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடக்கும் மிதவை.) பாதை ஓடாத இரவில், படுவான்கரையில் யார் இருக்கிறாரோ அவர்தான் டொக்டர். பாம்புக்கடியும் பிரசவ வலியும் அவர் வாசலுக்கே வந்தன. எந்த வீட்டில் யாருக்குச் சீனி, யாருக்கு இழுப்பு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அந்த அறிவு எழுத்தில் வந்திருந்தால்? இங்கிலாந்தில் வில்லியம் பிக்கிள்ஸ் என்ற கிராமத்து டொக்டர், தன்னிடம் வந்த மஞ்சள் காமாலைக்காரர் யார் யாரைச் சந்தித்தார்கள் என்று விசாரித்துக் குறித்து வைத்தார். தொற்றிய எத்தனையாம் நாளில் நோய் வெளிப்படும் என்பதை அதிலிருந்தே கணித்தார். அவருடைய நூல் 1939இல் வெளிவந்தது. ஆய்வுகூடம் இல்லை; ஒரு கொப்பியும், ஊரை அறிந்த ஒரு மனிதரும் மட்டுமே. நமது ஐயாமாரும் ஊரை அறிந்தவர்கள்தான். அவர்களிடம் கேட்டு எழுத யாரும் வரவில்லை. பின்னாளில் அந்தப் பயிற்சியும் நிறுத்தப்பட்டது.

பொது வைத்தியத்துக்கென இலங்கையில் 1974இல் ஒரு கல்லூரி அமைந்தது. ஐயாயிரம் பேருக்கு ஒரு குடும்ப வைத்தியர் என்று 2018ஆம் ஆண்டு அரச கொள்கை சொல்கிறது. நமது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் ஆரம்ப சுகாதாரப் பராமரிப்புக்கு ஒரு துறையே இருக்கிறது. ஆக, இன்று கேட்டு எழுதக்கூடியவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள்.

பழைய டிஸ்பென்சரிப் பதிவேடு, சிட்டு, வெட்டுப் போட்ட போத்தல் எதுவும் வீட்டில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பதிவேட்டில் நோயாளர் பெயர் இருந்தால் அதைப் படமெடுத்து இங்கே போட வேண்டாம். நமக்குத் தனியாகச் சொல்லுங்கள். உங்கள் ஊர் டிஸ்பென்சரி எந்தச் சந்தியில் இருந்தது என்பதை மட்டும் கீழே எழுதுங்கள்.