பறக்காத மின்னல்

1943, தென் பசிபிக்கில் ஜப்பான் பிடித்து வைத்திருந்த ரபாவுல் தளம். ராத்திரியானால் அமெரிக்க பி-17 விமானங்கள் வந்து குண்டு போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. ஜப்பானியக் கடற்படை அதிகாரி கொசோனோ யசுனாவுக்கு ஒரு யோசனை. உளவு பார்க்க வைத்திருந்த இரட்டை எஞ்சின் விமானத்தில், விமானியின் முதுகுக்குப் பின்னால், 20 மி.மீ. பீரங்கிகளை 30 டிகிரி சாய்வில் மேல்நோக்கிப் பொருத்தினார். எதிரியைச் சுற்றி வளைக்க வேண்டாம். அவன் வயிற்றுக்கு அடியில் போய், அதே வேகத்தில் ஒட்டிக்கொண்டு, தலைக்கு மேலே சுட்டால் போதும். தலைமையகம் உதட்டைப் பிதுக்கியது. மே 21 இரவு இரண்டு பி-17கள் விழுந்த பிறகுதான் நம்பியது. அந்த விமானம்தான் 'கெக்கோ', நிலவொளி.

இரவுப் போர் விமானங்களுக்கெல்லாம் 'கோ', அதாவது ஒளி என்று முடியும்படி பெயர் வைத்தது கடற்படை. 'கியொக்கோ' என்றால் துருவ ஒளி. கெக்கோவுக்குப் பின் வரவேண்டிய வாரிசுக்கு 'டென்கோ', மின்னல் ஒளி. பெயர் வைப்பதில் அவர்களுக்குக் குறையே இருந்ததில்லை.

டென்கோவைச் செய்யும் பொறுப்பு நகோயா நகரின் ஐச்சி நிறுவனத்துக்கு வந்தது. 1942 ஏப்ரலில் மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டனின் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்த விமானங்கள் இதே ஐச்சியின் தயாரிப்புதான். கைதேர்ந்தவர்கள். ஆனால் கடற்படை கேட்ட பட்டியல் கல்யாணச் சீர்வரிசை மாதிரி நீண்டது. மூக்கில் இரண்டு 30 மி.மீ., இரண்டு 20 மி.மீ. பீரங்கிகள், முதுகில் உள்ளிருந்தே இயக்கும் சுழல் பீரங்கி மேடை, ரேடார், மணிக்கணக்கில் வானத்தில் காத்திருக்க எரிபொருள். கெக்கோ ஏறக்குறைய 7 டன். டென்கோ 10 டன்னைத் தாண்டியது. கேட்ட வேகம் மணிக்கு 685 கி.மீ.; கணக்குப் போட்டால் 590தான் வந்தது. அமெரிக்காவின் புதிய குண்டுவீச்சு விமானமான பி-29இன் வேகத்தைவிட அது மயிரிழை அதிகம், அவ்வளவே. அதற்கும் நம்பியிருந்தது ஹொமாரே எஞ்சினை. நல்ல பெட்ரோல் ஊற்றினால் குதிரை. போர்க்காலக் கலப்படத்துக்கு அது முரண்டு பிடித்தது.

ரேடார் கதை இன்னும் வேடிக்கை. எண்பதுகளில் தூர்தர்ஷனுக்காக நம் மொட்டைமாடிகளில் நின்ற சீப்பு ஆன்டெனா நினைவிருக்கிறதா? ஜப்பானில் உடாவும் யாகியும் உருவாக்கியது அது. சிங்கப்பூர் விழுந்தபோது சிக்கிய பிரிட்டிஷ் ரேடார் குறிப்புகளில் 'யாகி' என்ற சொல் திரும்பத் திரும்ப வர, ஜப்பானிய அதிகாரிகள் விழித்தார்கள். அது உங்கள் ஊர்ப் பேராசிரியர் பெயர் என்று போர்க்கைதி ஒருவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டில் இருந்ததை எதிரி எடுத்து ஆண்டுகொண்டிருந்தான். அந்தத் தாமதத்தை ஜப்பானிய இரவு விமானங்கள் கடைசிவரை ஈடுகட்டவில்லை.

1945 ஜூன் 9, காலை. நகோயாவின் அட்சுதா பகுதி. அபாயச் சங்கு ஊதியதும் ஐச்சித் தொழிலாளர்கள் ஓடி ஒதுங்கினார்கள். பள்ளியிலிருந்து வேலைக்குப் பிடித்து வந்த பிள்ளைகளும் அவர்களில் உண்டு. கொஞ்ச நேரத்தில் ஆபத்து நீங்கியதாக அறிவிப்பு. எல்லாரும் இயந்திரங்களுக்குத் திரும்பினார்கள். மணி ஒன்பதேகால் சுமாருக்கு பி-29கள் தலைக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றும் டன் கணக்கில் எடையுள்ள குண்டுகள். பத்து நிமிடத்துக்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஏறக்குறைய முடிந்து நின்ற முதல் டென்கோவும் அன்றே போயிற்று. ராத்திரியில் பி-29ஐ வேட்டையாடச் செய்ததை, பட்டப்பகலில் பி-29 வந்து கொட்டகையோடு முடித்தது. இரண்டாவது டென்கோ ஜூலையில் குண்டுக்கு இரையானது. மூன்றாவது என்று ஒன்று இல்லை.

டோக்கியோவுக்கு அருகே அட்சுகி தளத்தில் கொசோனோவின் ஆட்கள் பழைய கெக்கோவையே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் 15 அன்று பேரரசர் சரணடைவதாக அறிவித்தார், கொசோனோ மறுத்தார். அந்தக் கலகம் அடுத்த வாரம்.

(தொடரும்)