பாதி விடுதலையும் முழு வாடகையும்

லாஃப்ட் என்றால் நமக்குப் பரண். உடைஞ்ச குடம், பழைய பாய், தாத்தா காலத்துத் தகரப்பெட்டி இதையெல்லாம் ஏத்திவைக்கிற இடம். கொத்தனார்கூட "லாஃப்ட் எத்தனை அடிக்குப் போடணும்"னுதான் கேக்குறார். பென்ட்ஹவுஸ் என்கிற சொல்லின் பழைய பொருளும் அப்படி ஒன்றும் உயர்ந்ததில்லை. சுவரை ஒட்டி இறக்கின சாய்ப்பு, அவ்வளவுதான். இந்த இரண்டு ஏழைச் சொற்களும் சேர்ந்து நியூயார்க்கின் சோஹோ பகுதியில் மாதம் 20,000 டாலர், 30,000 டாலர் வாடகை கேட்கின்றன. கேட்டதைக் கொடுத்தால் மட்டும் போதாது. மாத வாடகையைப் போல 40 மடங்கு ஆண்டு வருமானம் காட்டச் சொல்வது அங்கே வீட்டுக்காரர்களின் வழக்கம். 20,000 டாலர் வாடகைக்கு 8,00,000 டாலர் வருமானம் காட்ட வேண்டும்.

அந்த விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். உயரமான கூரை, ஆளுயர ஜன்னல், வார்ப்பிரும்புத் தூண். கூடவே 'வரலாற்றுச் சிறப்புமிக்க பகுதி' என்று ஒரு வரி. வரலாற்றுக்கும் சேர்த்துத்தான் வாடகை வாங்குகிறார்கள். அப்படியென்றால் அது யாருடைய வரலாறு என்று கேட்க நமக்கும் உரிமை இருக்கிறது.

சோஹோவின் கதையை ஓவியர்களிடமிருந்து ஆரம்பிப்பது அங்கே பழக்கம். நான் 1641லிருந்து ஆரம்பிக்கிறேன். அப்போது அந்த ஊர் நியூ ஆம்ஸ்டர்டாம். டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தது. கோட்டை கட்டியது, காடு வெட்டியது, ரோடு போட்டது எல்லாம் கம்பெனியின் ஆப்பிரிக்க அடிமைகள். அந்த வருஷம் அடிமை ஒருவர் கொல்லப்பட்டார். யார் கொன்றது என்று விசாரித்தபோது ஒன்பது பேரும் "நாங்கதான்" என்று சேர்ந்தே ஒத்துக்கொண்டார்கள். ஒன்பது உழைப்பாளிகளையும் தூக்கில் போட்டால் கம்பெனிக்கு நஷ்டம். சீட்டுப் போட்டார்கள். மானுவெல் என்பவர் பேருக்கு விழுந்தது. தூக்கில் ஏற்றினால் இரண்டு கயிறும் அறுந்துபோச்சு. கூடியிருந்த சனங்கள் விட்டுவிடச் சொல்லிக் கத்த, விட்டுவிட்டார்கள். சேர்ந்து நிற்பதன் கணக்கு அந்த ஒன்பது பேருக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

அதே மானுவெல் உட்பட 11 பேர் விடுதலை கேட்டு மனுப் போட்டார்கள். 18, 19 வருஷம் உழைத்துவிட்டோம் என்றார்கள். 1644 பிப்ரவரி 25ஆம் தேதி, ஆளுநர் கீஃப்ட் அவர்களையும் மனைவிமாரையும் விடுவித்தார். நகருக்கு வடக்கே நிலமும் கிடைத்தது. இன்றைய சோஹோ அந்த வட்டாரத்துக்குள் வருகிறது. மன்ஹாட்டன் தீவில் சுதந்திரக் கறுப்பர்களின் முதல் குடியிருப்பு அதுதான்.

விடுதலை என்றேனே, நிபந்தனைகளைப் பாருங்கள். குடும்பத்தலைவன் ஒவ்வொருவனும் வருஷத்துக்கு 30 ஸ்கெபெல் (அவர்கள் ஊர் மரக்கால்) தானியமும் ஒரு கொழுத்த பன்றியும் கம்பெனிக்கு அளக்க வேண்டும். தவறினால் திரும்ப அடிமை. கூப்பிட்டபோது கூலிக்கு வந்து வேலை செய்ய வேண்டும். பிறந்த பிள்ளைகளும் இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளும் கம்பெனிக்கே அடிமை. வரலாற்றாசிரியர்கள் இதைப் 'பாதி விடுதலை' என்கிறார்கள். பண்ணையாள் பிள்ளை பண்ணையாள் என்பதைப் பார்த்த நமக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. நிலம் கொடுத்த இடத்தையும் கவனிக்கணும். கீஃப்ட் அப்போது மண்ணின் பூர்வகுடிகளோடு சண்டையில் இருந்தார். வடக்கேயிருந்து தாக்குதல் வந்தால் முதலில் அடி வாங்குவது யார்? ஊர் எல்லையில் யாரை வைப்பது என்பதில் எல்லா ஆதிக்கங்களுக்கும் ஒரே புத்தி.

1664இல் ஆங்கிலேயர் வந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நிலம் கைமாறியது. சோஹோவின் பெரும்பகுதி பேயர்ட் குடும்பத்துப் பண்ணையானது. 1712இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அதையொட்டி வந்த சட்டம், இனி விடுதலை பெறும் எந்தக் கறுப்பரும் வீடோ நிலமோ வைத்திருக்கக் கூடாது என்றது. நியூயார்க்கில் அடிமைமுறை ஒழிந்தது 1827இல்தான். கையில் சொத்து சேராமல் போனதற்குச் சோம்பேறித்தனம் காரணம் என்று சொல்பவர்கள் இந்த வருஷங்களை எண்ணிப் பார்க்கட்டும்.

விளம்பரத்தில் வருகிற வார்ப்பிரும்புக் கட்டடங்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்தவை. கல்லைப் போலத் தெரியும்படி சாயம் பூசிய இரும்பு. பிராட்வேயும் புரூம் தெருவும் சந்திக்கிற ஹவுவுட் கட்டடத்தில் 1857இல் ஓட்டிஸ் தன் முதல் பயணிகள் மின்தூக்கியை வைத்தார். (அது மின்சாரத்தில் ஓடவில்லை, நீராவியில் ஓடியது. பேர்தான் நமக்கு அப்படி நிலைத்துவிட்டது.) அதுவரை உச்சி மாடி என்றால் படியேறிச் சாகிற இடம். மேல் மாடிக்கு மவுசு வந்தது அதற்குப் பிறகுதான்.

மவுசும் உடனே வரவில்லை. லாஃப்ட் என்பது தடுப்புச் சுவர் இல்லாத தொழிற்சாலை மாடி. வரிசையாகத் தையல் மெஷின்கள், அதன்முன் பெண்கள். சோஹோவுக்குச் சற்று வடக்கே, 1911இல் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்தபோது செத்தவர்கள் 146 பேர். பெரும்பாலும் குடியேறிய யூத, இத்தாலியப் பெண்கள். 8, 9, 10 ஆகிய மூன்று உச்சி மாடிகள். ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. 1958இல் பிராட்வேயில் ஓர் உள்ளாடைத் தொழிற்சாலை எரிந்து 24 பேர் செத்தார்கள். தீயணைப்புக்காரர்கள் அந்தப் பகுதிக்கே 'நரகத்தின் நூறு ஏக்கர்' என்று பேர் வைத்திருந்தார்கள். இன்றைக்கு 'காற்றும் வெளிச்சமும்' என்று விற்கிற ஜன்னல், வெளிச்சத்துக்கு விளக்குச் செலவு மிச்சம் என்று முதலாளி வைத்த ஜன்னல்.

1962இல் ஓர் அறிக்கை இந்தப் பகுதியைப் பாழ்நிலம் என்றது. இதன் வழியே விரைவுச்சாலை போட ராபர்ட் மோசஸ் துடித்தார். 1963இல் செஸ்டர் ராப்கின் என்ற திட்டவியலாளர் நேரில் ஆய்வு செய்து, இது பாழ்நிலமில்லை, கறுப்பரும் போர்ட்டோ ரிக்கருமாகப் பல ஆயிரம் பேர் இங்கே வேலை செய்கிறார்கள், இடித்தால் அவர்கள் பிழைப்பு போகும் என்று எழுதினார். கட்டடங்கள் தப்பின. 1969இல் சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. பிழைப்பு தப்பவில்லை. தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வெளியேற, காலி மாடிகளில் ஓவியர்கள் குடியேறினார்கள். அவர்களையும் நான் வில்லனாக்க விரும்பவில்லை. சூடேற்றும் வசதிகூட இல்லாமல், சட்டத்துக்குப் பயந்து ராத்திரியில் விளக்கை மறைத்துக் குடியிருந்தவர்கள் அவர்கள். ஆனால் 1971இல் நகரம் விதியைத் திருத்தியபோது, அங்கே குடியிருக்க 'கலைஞர்' என்று நகராட்சியிடம் சான்றிதழ் வாங்கணும் என்றது. அதே மாடியில் இருபது வருஷம் சட்டை தைத்தவளுக்குச் சான்றிதழ் கிடையாது. 1973இல் 26 தெருக்கட்டங்களில் சுமார் 500 கட்டடங்கள் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாயின. இரும்புக்குப் பாதுகாப்பு வந்தது. பிறகு வாடகை ஏறியது, ஓவியர்களில் பலரும் போனார்கள். 2021 டிசம்பரில், குறைந்த வருமானக்காரருக்கும் வீடு கட்ட வழிசெய்வதாகச் சொல்லி நகரவை விதியை மாற்றியபோது, பகுதியின் பழமை கெட்டுவிடும் என்று ஒரு தரப்பு சண்டை போட்டது.

சென்னையில் நான் வீடு தேடிய நாட்களில் வருமானத்தை யாரும் முதலில் கேட்கவில்லை. "நீங்க என்ன ஆளுங்க?" என்றார்கள். கேட்கக் கூச்சப்பட்டவர்கள் "வெஜ்ஜா?" என்றார்கள். 40 மடங்கு வருமானம் காட்டினாலும் அந்தக் கேள்வி போகாது. சோஹோவுக்கு வடக்கே அதே நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1913 முதல் 1916 வரை படித்த அம்பேத்கர், 1917இல் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தபோது தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சிகளின் சத்திரம் ஒன்றில், பார்சிப் பேர் சொல்லி, நாளைக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்து மாடியில் தங்கினார். அந்த மாடிக் கூடம் முழுக்க உடைந்த நாற்காலி, பலகை, குப்பை. ஒரு பரண்தான். பதினோராம் நாள் காலை ஒரு டஜன் பார்சிகள் தடியோடு படியேறி வந்தார்கள். சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொன்னார்கள். அவர் பூங்காவில் மரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார்.