சாலேம் முதல் சமாரியர் வரை

சாலேம் என்னும் பெயர் நமக்குப் புதிதன்று. ஆபிரகாமை எதிர்கொண்டு அப்பமும் இரசமும் அளித்த மெல்கிசதேக்கு அந்த நகரின் அரசர். அமைதி என்னும் பொருள் தாங்கிய அப்பெயரை, 12ஆம் நூற்றாண்டில் தென் ஜெர்மனியில், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு வடக்கே குடியேறிய சிஸ்டர்சியத் துறவியர் தங்கள் மடத்திற்குச் சூட்டினர். மௌனம், செபம், உடலுழைப்பு ஆகிய மூன்றையும் அவர்கள் ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் அங்கே பேணி வந்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மடம் கலைக்கப்பட்டது. கட்டடமும் நிலமும் பாடன் அரச குடும்பத்தின் உடைமையாயின. துறவியர் வெளியேறிய அந்த மண்டபங்களில் 1920இல் சிறுவர் சிறுமியரின் குரல் ஒலித்தது. அங்கு எழுந்த பள்ளியின் பெயரும் சாலேம்தான்.

மாணவர் நலம் என்பதைப் பற்றியும், நாடுவிட்டு நாடு சென்று மாணவர் பயில்வதைப் பற்றியும் இன்று பலரும் பேசுகின்றனர். இவ்விரண்டையும் ஒரே கயிற்றில் முறுக்கியவர்களுள் முதன்மையானவர் அப்பள்ளியை உருவாக்கிய குர்ட் ஹான். அவருடைய வரலாறு வெற்றிக் கதையாக மட்டும் அமைந்துவிடவில்லை. சிறை, நாடு கடந்த வாழ்வு, போர், பின்னாளில் வெளிப்பட்ட கசப்பான உண்மைகள் ஆகியவையும் அதில் உள்ளன. ஆகவேதான் அது நம் சிந்தனைக்கு உரியதாகிறது.

இருட்டறையில் ஓர் இளைஞர்

குர்ட் ஹான் 1886இல் பெர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் பருவத்தில் டோலமைட் மலைப் பகுதியில் நடைப்பயணம் சென்றபோது, இங்கிலாந்தின் அபட்ஸ்ஹோம் பள்ளியில் பயின்ற மாணவர்களைச் சந்தித்தார். உழைப்பும் விளையாட்டும் படிப்பும் இணைந்த அவர்களது பள்ளி வாழ்வைக் கேட்டு வியந்தார். தம் நாட்டுப் பள்ளிகளின் இறுக்கத்தை மட்டுமே அறிந்திருந்த அவருக்கு, வேறு வகையிலும் கல்வி இருக்கக்கூடும் என்பது அன்றுதான் புலப்பட்டது. வேற்று நாட்டுப் பள்ளி மாணவர்களோடு மலைப்பாதையில் நிகழ்ந்த அந்த உரையாடலே அவர் பிற்காலத்தில் எழுப்பிய அனைத்திற்கும் வித்தாயிற்று.

1904ஆம் ஆண்டு அவருக்குக் கடுமையான வெயில்தாக்கு நோய் கண்டது. அதன் விளைவு வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை. வெப்பத்தையும் ஒளியையும் தாங்க இயலாமல் நீண்ட நாள்கள் இருட்டறையில் கிடக்க நேர்ந்தது. ஆக்ஸ்போர்டில் தொடங்கிய படிப்பும் தடைப்பட்டது. அந்த இருளில் அவர் செய்தது என்ன? தாம் ஒருநாள் அமைக்க விரும்பிய பள்ளியை மனத்தில் வரைந்துகொண்டிருந்தார். இளைஞரின் உடல்நலத்தையும் மன உறுதியையும் குறித்து அவ்வளவு அக்கறையோடு எழுதியவர் தாமே நோயாளி என்பதை நாம் மறந்துவிடலாகாது. தம் உடற்குறை தம்மைச் சிறைப்படுத்தாமல் இருக்க என்ன வழி என்ற கேள்வியை அவர் முதலில் தம்மையே கேட்டுக்கொண்டார். அதன் பின்னரே பிறரிடம் கேட்டார்.

முதல் உலகப்போர் முடியும் வேளையில் ஜெர்மானியப் பேரரசின் இறுதித் தலைமை அமைச்சராய் இருந்தவர் பாடன் இளவரசர் மாக்ஸ். ஹான் அவருடைய செயலர். தோற்று, பசித்து, வெறுப்பில் வெந்துகொண்டிருந்த நாட்டிற்கு இளைய தலைமுறையின் வழியாகவே மீட்பு உண்டு என்று இருவரும் கருதினர். இளவரசரின் மாளிகையாகிவிட்ட பழைய மடத்தில் பள்ளி பிறந்தது அவ்வாறே.

ஏழு நெறிகள்

சாலேம் பள்ளியின் வழிமுறையை ஹான் ஏழு நெறிகளாய் வகுத்தார். பிள்ளைகள் தம்மைத் தாமே கண்டறிய வாய்ப்பளித்தல், வெற்றியையும் தோல்வியையும் சந்திக்கச் செய்தல், பொதுப்பணியில் தம்மை மறக்கச் செய்தல், மௌனத்திற்கு நேரம் ஒதுக்குதல், கற்பனையைப் பயிற்றுதல், விளையாட்டை முதன்மையாக்காமல் அதற்குரிய இடத்தை மட்டும் கொடுத்தல், செல்வர் வீட்டுப் பிள்ளைகளைச் சலுகை உணர்வு என்னும் நோயிலிருந்து விடுவித்தல் ஆகியனவே அவை.

இவற்றுள் மௌனத்திற்கு இடம் தந்ததை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். துறவியர் நூற்றாண்டுகளாய்க் காத்த மௌனம், அவர்கள் விட்டுச்சென்ற சுவர்களுக்குள்ளே வேறொரு வடிவில் திரும்பி வந்ததுபோல் தோன்றுகிறது. நாளின் நிகழ்வுகளை அசைபோடத் தனிமை கிடைக்காத பிள்ளை, தன் அனுபவத்திலிருந்து ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை என்பது ஹானின் உறுதியான கருத்து.

காலை வேளையில் வகுப்புகளுக்கிடையே மாணவர் ஓடியும் தாண்டியும் பயிற்சி செய்தனர். எவரையும் முந்துவது நோக்கமன்று. நேற்றைய தன்னை இன்று முந்த வேண்டும். அன்றாடக் கடமைகளை நிறைவேற்றினரா என்பதை மாணவரே ஓர் அட்டவணையில் குறித்துக்கொண்டனர். அதைச் சரிபார்க்க எவரும் வரமாட்டார். கண்காணிப்பின் இடத்தில் நம்பிக்கை வைக்கப்பட்டது. மனச்சான்றைத் தேர்வுக் கூடமாக்கிய இம்முறை, ஒவ்வோர் இரவும் ஆன்ம ஆய்வு செய்து பழகியவர்களுக்கு அந்நியமாய்த் தோன்றாது.

அக்காலத்து இளைஞரிடம் ஆறு நலிவுகளைக் கண்டதாக அவர் கூறினார். உடல்வலிமை, முன்முயற்சி, நினைவாற்றலும் கற்பனையும், கைத்திறனும் கவனமும், தன்னடக்கம், இரக்கம் ஆகியவை குன்றிவருகின்றன என்றார். ஊர்திகள் பெருகிக் கால்கள் சோர்ந்தன. வேடிக்கை பார்க்கும் வழக்கம் மிகுந்து, செய்யும் வழக்கம் குறைந்தது. எல்லாவற்றிலும் கொடியது இரக்கம் மடிவதே என்றும், வாழ்வின் மட்டுமீறிய விரைவே அதற்குக் காரணம் என்றும் அவர் கருதினார். எரிகோவுக்குச் செல்லும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவரைக் கண்டும் விலகிப் போனவர்களின் கதையை நாம் அறிவோம். நல்ல சமாரியரின் உவமை ஹானின் பேச்சிலும் எழுத்திலும் மீண்டும் மீண்டும் இடம்பெற்றது.

தேர்ந்துகொள்ளுங்கள்

1932 ஆகஸ்டில் பொடெம்பா என்னும் சிற்றூரில், நாசிக் கட்சியின் அடியாட்கள் ஒரு தொழிலாளியை அவருடைய தாயின் கண்ணெதிரே மிதித்துக் கொன்றனர். குற்றவாளிகளுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. இட்லரோ அவர்களைத் தம் தோழர்கள் எனப் பாராட்டித் தந்தி அனுப்பினார். இதைக் கண்ட ஹான், சாலேமின் பழைய மாணவர் அனைவருக்கும் ஒரு மடல் விடுத்தார். சாலேமா, இட்லரா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்பதே அதன் சாரம். அஞ்சித் தயங்கிய எத்தனையோ பெரியோர் வாய்மூடி இருந்த நாளில், ஒரு பள்ளித் தலைவர், அதுவும் யூதக் குலத்தில் பிறந்தவர், இவ்வாறு எழுதினார்.

விலை கொடுக்கும் நாள் விரைவிலேயே வந்தது. இட்லர் ஆட்சியைப் பிடித்ததும் 1933 மார்ச்சில் ஹான் சிறைப்படுத்தப்பட்டார். பிரித்தானியத் தலைமை அமைச்சர் ராம்சே மக்டொனால்டு முதலானோர் தலையிட்டதால் விடுதலையாகி, அவ்வாண்டின் கோடையில் பிரித்தானியாவிற்குச் சென்றார். தம் நாட்டையும் பள்ளியையும் இழந்தபோது அவருக்கு வயது 47.

1934இல் ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் கார்டன்ஸ்டன் பள்ளியை விரல்விட்டு எண்ணத்தக்க மாணவரோடு தொடங்கினார். அக்கரையோரச் சிற்றூர்களில் வாழ்ந்தவர் மீனவர். மாணவர் கடலோரக் காவற்பணியை மேற்கொண்டனர். புயல் இரவுகளில் விழித்திருந்து, தத்தளிக்கும் படகுகளைக் கண்காணித்தனர். செல்வர் வீட்டுப் பிள்ளை ஒருவன், பெயரறியாத மீனவர் ஒருவரின் உயிருக்காகக் கண்விழித்திருந்தான். கடலை நம்பி வாழும் மக்களிடையே பிறந்தவர்களுக்கு அந்த விழிப்பின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தன்னைப் பற்றிய கவலையில் மூழ்கிய மனத்திற்கு, தன்னை நம்பி இன்னோர் உயிர் இருக்கிறது என்னும் உணர்வே மருந்து. மாணவர் நலத்தைப் பற்றி ஹான் கண்ட மையமான உண்மை இதுவே.

போர்க்காலத்தில் இவ்வுண்மை வேறொரு வகையில் மெய்ப்பிக்கப்பட்டது. கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டபோது, உயிர்காப்புப் படகுகளில் ஏறிய இளம் மாலுமிகள் மாண்டுபோக, அவர்களினும் மூத்தோர் தாங்கிப் பிழைத்தனர் என்று கப்பல் நிறுவன உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட் கவலையுற்றார். உடல் திறன் இருந்தும் உள்ள உறுதி குன்றியதே அதற்குக் காரணம் என்று கருதினார். அவருடைய துணையோடு 1941இல் வேல்ஸ் நாட்டின் அபர்டவி என்னும் கரையோர ஊரில் ஹான் தொடங்கிய குறுகிய காலப் பயிற்சியே, பின்னர் பல நாடுகளிலும் பரவிய ‘அவுட்வர்ட் பவுண்ட்’ இயக்கமாயிற்று.

எல்லைகளைக் கடந்த மாணவர்

போர் முடிந்தது. பகைவர்களின் பிள்ளைகள் எவ்வாறு ஒருவரை ஒருவர் நோக்குவர்? ஜெர்மனியில் சாலேம் மீண்டும் திறக்கப்பட்டது. கார்டன்ஸ்டனின் பழைய மாணவராகிய ஜாசலின் வின்த்ரோப் யங் 1949இல் கிரேக்க நாட்டில் அனவிரிதா பள்ளியை அமைத்தார். 1953 ஆகஸ்டில் கிரேக்கத்தின் அயோனியத் தீவுகளைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. கெபலோனியா தீவு பெரும்பாலும் தரைமட்டமாயிற்று. ஹானின் வழிவந்த பள்ளிகளின் மாணவர் அங்குச் சென்று மீள்கட்டுமானப் பணியில் ஈடுபட்டனர். அதே தீவில் பத்தாண்டுகளுக்கு முன், 1943 செப்டம்பரில், ஜெர்மானியப் படை ஆயிரக்கணக்கான இத்தாலியப் போர்வீரரைக் கொன்று குவித்திருந்தது. அந்த மண்ணில் பல நாட்டு இளைஞர் கல் சுமந்தது வெறும் தொண்டு மட்டுமா? சொல்லால் கேட்க இயலாத மன்னிப்பைக் கையுழைப்பால் கேட்ட செயல் அது என்றே நான் கருதுகிறேன்.

1955இல் பாரிசில் இருந்த நேட்டோ பாதுகாப்புக் கல்லூரிக்கு ஹான் சென்றார். அண்மையில் போர்க்களத்தில் எதிரெதிரே நின்ற நாடுகளின் அதிகாரிகள் அங்கே ஒரே மேசையில் பயில்வதைக் கண்டார். படைத்தலைவர்களுக்கு முடிவது மாணவர்க்கு முடியாதா? இவ்வினாவின் விடையாக 1962இல் வேல்ஸ் கடற்கரையில், செயின்ட் டோனட்ஸ் கோட்டையில் அட்லாண்டிக் கல்லூரி எழுந்தது. 12 நாடுகளிலிருந்து 56 மாணவர் வந்தனர். மாணவியர்க்கு 1967இல் கதவு திறந்தது. அங்கும் கடல்மீட்புப் பணி கட்டாயப் பாடமாயிற்று. முதல் தலைவர் டெஸ்மண்ட் ஹோர் மாணவரோடு சேர்ந்து, அடிப்பகுதி உறுதியாகவும் பக்கங்கள் காற்றடைத்தும் அமைந்த புதுவகை மீட்புப் படகை உருவாக்கினார். அதன் உரிமத்தை உயிர்காப்புப் படகு நிறுவனத்திற்கு ஒரே ஒரு பவுனுக்கு விட்டுக்கொடுத்தார். பல நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து சமைத்த அப்படகின் வழிவந்தவை இன்று உலகெங்கும் உயிர்களைக் காக்கின்றன.

அக்கல்லூரியை வேராகக் கொண்டு வளர்ந்த ஐக்கிய உலகக் கல்லூரிகளுள் ஒன்று 1997இல் புனே அருகே தொடங்கப்பெற்றது. போரால் பிளவுண்ட பொஸ்னியாவின் மோஸ்தார் நகரிலும் 2006இல் ஒன்று திறக்கப்பட்டது.

1966இல் ஹானின் 80ஆம் பிறந்தநாளுக்குச் சாலேமில் கூடிய பள்ளித் தலைவர்கள், தங்கள் பள்ளிகளிடையே மாணவர் மாறி மாறிச் சென்று பயிலவும், சேர்ந்து தொண்டாற்றவும் ஓர் அமைப்பைத் தொடங்கினர். கார்டன்ஸ்டனில் உள்ள வட்டவடிவக் கட்டடத்தின் பெயரால் அது ‘ரவுண்ட் ஸ்கொயர்’ எனப்பட்டது. இன்று ஏறத்தாழ 50 நாடுகளில் 200க்கும் மேற்பட்ட பள்ளிகள் அதில் உள்ளன. நம் நாட்டின் சனாவர் லாரன்ஸ் பள்ளியும், டேராடூனின் டூன் பள்ளியும் அதில் இணைந்தன. ஒரு மாணவர் சில வாரங்களோ ஒரு பருவமோ வேற்று நாட்டுப் பள்ளிக்குச் செல்வார். அங்கிருந்து ஒருவர் இங்கு வருவார். செல்பவர் விருந்தினராய்த் தொடங்கி, அவ்வீட்டின் பிள்ளையாய்த் திரும்புவதே இதன் அழகு.

நிழலும் உண்டு

இவ்வளவும் கூறிய பின் ஓர் உண்மையை மறைப்பது முறையன்று. குளிர்நீர்க் குளியலும் ஓட்டமும் கண்டிப்பும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏற்றவையல்ல. கார்டன்ஸ்டனில் மென்மனம் கொண்ட சிறுவர் சிலர் தனிமையில் வாடினர். பல பத்தாண்டுகளில் அங்குப் பயின்ற குழந்தைகள் பலர் துன்புறுத்தலுக்கு ஆளானதை, அண்மை ஆண்டுகளில் ஸ்காட்லாந்தில் நடைபெற்ற பொது விசாரணை வெளிக்கொணர்ந்தது. உயர்ந்த நெறிகளைச் சுவரில் எழுதிவைத்த பள்ளியிலும், குழந்தையின் அழுகைக்குச் செவிகொடுக்க ஆள் இல்லையெனில் அந்நெறிகள் ஊமையாகிவிடுகின்றன. நிறுவனங்களை நடத்தும் எவரும், நம்மவர் உட்பட, இதை அச்சத்தோடு எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளையை வலிமையாக்குவது வேறு, வலியைத் தாங்கிக்கொள்ளச் சொல்லி அவன் வாயடைப்பது வேறு. முன்னதைக் கற்பித்த ஹானின் மரபு, பின்னதைத் தடுக்கப் போதிய காவல் அமைக்கவில்லை.

இன்று வெளிநாட்டுப் பயணங்களுக்கு மாணவரை அனுப்பும் பள்ளிகளும் இதே வினாவுக்கு விடை சொல்ல வேண்டியவையே. விமானச் சீட்டும் நிழற்படங்களும் மட்டுமே மிஞ்சும் பயணம் யாரையும் நலப்படுத்துவதில்லை. அந்நிய மண்ணில் பிள்ளையின் மனம் தளரும் இரவில் அவனோடு பேச ஒருவர் இருக்கிறாரா? அவன் அங்குச் செய்வதற்கு, பிறருக்குப் பயன்படும் பணி ஏதேனும் உண்டா? திரும்பி வந்தபின் கண்டதை அசைபோட அவனுக்கு மௌனம் வாய்க்கிறதா? இம்மூன்றும் அமைந்தால் அடுத்த ஊர்ப் பள்ளிக்குச் செல்வதும் நற்பயணமே. அமையாவிடில் கடல் கடந்தும் பயனில்லை.

குர்ட் ஹான் 1974 டிசம்பர் 14 அன்று சாலேமை அடுத்த எர்மன்ஸ்பெர்கில் காலமானார். தம்மைத் துரத்திய நாட்டிற்கே அவர் திரும்பியிருந்தார். இருட்டறையில் கிடந்த அந்த இளைஞரை நலமாக்கியது எது? தம் நோயைவிடப் பெரிதான ஒன்றுக்காக அவர் வாழத் தொடங்கியதே. மதிப்பெண் என்னும் ஒற்றை அளவுகோலால் நாள்தோறும் அளக்கப்பட்டுச் சோர்ந்து நிற்கும் நம் பிள்ளைகளிடம், ‘எத்தனை எடுத்தாய்?’ என்று கேட்கும் நாம், ‘இன்று யாருக்கு உதவினாய்?’ என்றும் ஒருமுறை கேட்டுப் பார்ப்போமா?